பால்மா ரின்னும் இரண்டு பக்கப் படிவமும்

சென்ற ஆவணியில் என் மருமகன் ஜிம் ஒன்றில் சேர்ந்தான். யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியிலிருந்து பிரிகின்ற ஓர் ஒழுங்கையில், முன்பு நெல்லுக் களஞ்சியமாக இருந்த கட்டடத்தில் அது நடக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, சுவர் நீளத்துக்கு நிலைக்கண்ணாடி. பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் இரண்டு பக்கப் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. பதினெட்டு முடியாத ஆக்களுக்கு வீட்டுக்காரரும் வைக்கவேணுமாம்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். முழுவதும் ஆங்கிலம். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.

“வாசிச்சுக்கொண்டிராதேங்கோ மாமா. எல்லாரும் வைச்சுக் குடுத்திட்டுப் போறவை.”

மூன்றாவது பந்தியில் விஷயம் இருந்தது. அங்கே பயிற்சி செய்யும்போது காயமோ அங்கவீனமோ மரணமோ நேர்ந்தால், அது நிலையத்தாரின் கவனயீனத்தால் வந்ததாக இருந்தாலும், நானும் என் வாரிசுகளும் வழக்குப் போடமாட்டோம், நட்டஈடு கேட்கமாட்டோம் என்று அந்தப் பந்தி சொன்னது. கடைசிப் பந்தி, இந்த உடன்படிக்கை கலிபோர்னியா மாநிலச் சட்டத்துக்கு அமைவானது என்று முடிந்தது. யாரோ எங்கிருந்தோ இறக்கிய படிவம். ஊர்ப் பெயரை மாற்றியவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள்.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு 1976ஆம் ஆண்டு பெரியப்பா வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. ஊரில் ஜிம் என்ற சொல்லே இல்லை, தேகாப்பியாசம் என்பார்கள். மாமரத்தின் கீழ் ஒரு பார், இரண்டு சோடி கர்லாக்கட்டை, சீமெந்துப் பாரங்கள். பாரம் செய்கிற விதம் இதுதான்: பால்மா ரின் இரண்டை எடுத்து, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, காங்கேசன்துறைச் சீமெந்தையும் கல்லையும் குழைத்து ஊற்றுவார்கள். ஒரு பக்கம் இறுகிய பிறகு குழாயைத் தலைகீழாக நிறுத்தி மறுபக்கம் ஊற்றுவார்கள். ரின் துருப்பிடித்து உரிந்து விழுந்தபின்னும் அதன் வரிகள் சீமெந்தில் பதிந்திருக்கும். மாலையானால் ஊர்ப் பெடியள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். கழகத்துக்கு மாதச் சந்தா ஐம்பது சதம். அதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை. கையெழுத்து என்றால் சனசமூக நிலையத்தில் பேப்பர் எடுத்து வாசிப்பவர்கள் வைப்பதுதான்.

குழாயில் குறுக்குக் கம்பி ஒன்று செருகாவிட்டால் சீமெந்து குழாயை இறுகப் பிடிக்காது. ஒரு பாரத்துக்கு அதைச் செருக மறந்துவிட்டார்கள். பெரியப்பாவின் மூத்த மகன், நான் பெரியண்ணை என்று அழைப்பவர், அதைத் தலைக்கு மேல் தூக்கியபோது ஒரு பக்கத்து ரின் கழன்று வலது காலில் விழுந்தது. மூன்று விரல்கள் நசிந்தன. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் வந்து எண்ணெய் விட்டு, மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த சீலையால் சுற்றிக் கட்டினார். வெற்றிலையில் வைத்துக் கொடுத்த ரூபா நோட்டுகளை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு போனார். பெரியண்ணை ஏழு கிழமை நடக்கவில்லை.

அது வெங்காயக் காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும். அடுத்த நாள் விடிய நாலரைக்கு மிசின் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தால், பாரத்துக்குச் சீமெந்து குழைத்தவர் வாய்க்கால் வரம்பில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஏழு கிழமையும் வந்தார். தன் தோட்டத்துக்கு அதன்பிறகுதான் போவார். அவர் மன்னிப்புக் கேட்டதையோ பெரியப்பா குறை சொன்னதையோ நான் காணவில்லை. பின்னாளில் சட்டப் புத்தகம் புரட்டியபோது, தோட்டம் காய்ந்து போகாமல் அவர் காத்தது சட்டம் பொருளிழப்பு என்று சொல்கிற அதே கணக்கு என்று தெரிந்தது. ஒரு மனிதர் அதை மண்வெட்டியால் தீர்த்தார்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் அந்தக் காலம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஊரில், அதற்கு நாலு வருடம் முன்பு நடந்த இன்னொன்றும் எனக்குத் தெரியும். அம்மா சொல்லக் கேட்டது. மாட்டுவண்டிச் சவாரி நடந்துகொண்டிருந்தது. நாம்பன் ஒன்று மிரண்டு, திடலை விட்டு விலகி, சனத்துக்குள் வண்டியை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. சில்லு ஏறியது ஒரு சீவல் தொழிலாளியின் முழங்காலில். நாளுக்கு எத்தனையோ பனை ஏறி இறங்கிய கால் அது. அதன்பிறகு அவர் ஒரு மரமும் ஏறவில்லை. வண்டிக்காரர் ஊரில் பெரிய மனிதர். அவர் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஊர் ஒரு கேள்வியோடு அதை முடித்துக்கொண்டது: “அவன் ஏன் அங்க போய் நிண்டவன்?”

மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நடந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஊர் தாங்கியது, ஊர் பார்த்துக்கொண்டது என்று எழுதும்போதெல்லாம் அந்த முழங்கால் எனக்கு இடறுகிறது. பெரியண்ணையின் காலுக்கு ஏழு கிழமைத் தண்ணீர் கிடைத்தது. அந்த மனிதரின் காலுக்கு ஒரு கேள்வி கிடைத்தது.

அந்தக் கேள்வி ஊரார் கண்டுபிடித்ததல்ல. அதற்கு வயது 1,800 வருடத்துக்குக் குறையாது.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது அவர்களோடு அவர்களுடைய சட்டமும் வந்தது. எங்களுடைய சீதனம், முதுசம், ஈடு போன்றவற்றுக்குத் தேசவழமையை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார். ஆனால் ஒருவன் கவனயீனத்தால் இன்னொருவனுக்குக் காயம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இன்றும் எங்கள் நீதிமன்றங்கள் நாடுவது உரோமன் டச்சுச் சட்டத்தைத்தான். அதன் வேர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் உரோமர் இயற்றிய அக்குவிலியச் சட்டம். அதற்கு எழுதப்பட்ட விளக்கங்களைப் பேரரசர் யஸ்டினியன் கி.பி. 533இல் தொகுப்பித்தார்.

அந்தத் தொகுப்பில் விளையாட்டு நிறைய வருகிறது. பொதுப் போட்டியில் மல்யுத்தம் செய்யும்போது ஒருவன் இறந்தால் மற்றவன்மேல் வழக்கில்லை. புகழுக்காகவும் வீரத்துக்காகவும் செய்தது, தீங்கு செய்ய நினைத்துச் செய்ததல்ல. ஆனால் பணிந்துவிட்டவனைக் காயப்படுத்தினால் வழக்குண்டு. ஈட்டி எறிந்து விளையாடுகிற திடலுக்குள் ஒருவன் நுழைந்து அடிபட்டால் ஒரு தீர்ப்பு, திடல் அல்லாத இடத்தில் ஈட்டி எறிந்தால் வேறு தீர்ப்பு. இன்னொரு கதை: சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதன் ஓர் அடிமைக்குச் சவரம் செய்கிறான். பந்து நாவிதனின் கையில் பட, கத்தி அடிமையின் கழுத்தில் இறங்குகிறது. யார் பொறுப்பு? பந்தை எறிந்தவனா, பந்து விளையாடும் இடத்தில் கதிரை போட்ட நாவிதனா? உல்பியன் என்ற சட்ட அறிஞர் இரண்டையும் எடைபோட்டுவிட்டு மூன்றாவது ஒன்றையும் சேர்க்கிறார். ஆபத்தான இடத்தில் கதிரை போட்டிருக்கும் நாவிதனிடம் போய் உட்கார்ந்தவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்று சொன்னாலும் பிழையில்லையாம்.

அவன் ஏன் அங்க போய் நிண்டவன்?

உரோமில் கேட்ட கேள்வி ஒல்லாந்தின் லெய்டன் வழியாகக் கோட்டைக்குள் வந்து, கோட்டையிலிருந்து சவாரித் திடலுக்கு வந்து சேர்ந்ததாக எனக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அது எல்லா ஊரிலும் மனிதர் கேட்கிற கேள்விதான். சட்டம் செய்தது, அந்தக் கேள்வியோடு விஷயத்தை முடித்துவிடாமல் இருக்கப் பழகியது. காயப்பட்டவரின் பக்கத்திலும் கவனயீனம் உண்டென்றால் முன்பு அவர் முழு நட்டஈட்டையும் இழக்க நேரலாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இரு பக்கப் பிழையையும் நிறுத்து, பங்கிட்டு, மிச்சத்தைக் கொடுக்க வழி செய்தது. மாவிட்டபுரத்தில் கோயில் கதவைத் திறக்கக் கேட்ட அதே வருடம். சவாரித் திடலில் கால் போனவர் விரும்பியிருந்தால் 1972இல் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்திருக்கலாம். காயத்துக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்கிறது. அது இன்றும் அப்படியே. இரண்டு வருடமும் அவர் வேலியோரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் போய்ச் சொல்லவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. விளையாட்டு நின்றுபோகவில்லை, இடம் சுருங்கியது. 1990இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே வருடம் யாழ்தேவியும் நின்றது. பொருளாதாரத் தடையில் சீமெந்து குடாநாட்டுக்குள் வரவே முடியாத பொருளானது. அந்த வருடங்களில் பெடியள் தூக்கிய பாரங்களில் தண்டவாளத் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். பதுங்குகுழிக்கு வெட்டியதில் மிஞ்சியவை. தூக்குவதற்கு அளவான கனம். பொம்பர் இரைச்சல் கேட்டால் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

யுத்தம் ஓய்ந்து திரும்பிய சனங்கள் தம் காணிகளுக்குள் முதலில் கண்டது சிவப்புப் பலகைகளை. மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, மூன்று மொழியில் மிதிவெடி என்று எழுத்து. முகமாலைப் பக்கம் போகிறவர்கள் அவற்றை வெகுகாலம் கண்டார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அரிச்சுவடிக்கு அடுத்ததாக வாசிக்கப் பழகிய பலகை அதுவாகத்தான் இருக்கும். பந்து அந்தப் பலகைக்கு அப்பால் போனால் போனதுதான். எவ்வளவு கொடிய பலகையானாலும் அது ஒரு செய்தியை நேராகச் சொன்னது: இங்கே ஆபத்து இருக்கிறது, வராதே.

இன்றைய பலகைகளைப் பாருங்கள். கடற்கரை, நீச்சல் தடாகம், சிறுவர் விளையாடும் இடம், கல்யாண மண்டபத்து வாகனத் தரிப்பிடம், எங்கும் ஒரே வசனம்: ஏற்படும் பாதிப்புகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும், தடாகத்தின் எந்த மூலை ஆழம், எந்த ஊஞ்சலின் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்பதை அந்தப் பலகை சொல்வதில்லை. ஆபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத எச்சரிக்கை. மிதிவெடிப் பலகை எங்களைக் காப்பாற்ற நட்டது. இது நட்டவரைக் காப்பாற்ற நட்டது. இந்த மாற்றம் எனக்கு நோகிறது.

நோவது ஒரு பக்கம். அந்தப் பலகைக்குச் சட்டத்தில் என்ன பலம் என்று பார்த்தால், காயத்தையும் மரணத்தையும் பொறுத்தவரை இல்லை என்றே சொல்லவேண்டும். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி இலங்கைப் பாராளுமன்றம் 1997இல் 26ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. பிரித்தானியாவின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது அது. தொழில் நடத்தும் ஒருவர் தன் கவனயீனத்தால் நேர்கிற மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பைப் படிவத்தாலோ பலகையாலோ தட்டிக்கழிக்க முடியாது என்பது அதன் மையம். உடைந்த கைபேசி, தொலைந்த சங்கிலி போன்ற இழப்புகளுக்கு நிபந்தனை போடலாம். அதுவும் நியாயமானதாக இருந்தால்தான். மருமகன் கொண்டுவந்த தாளின் மூன்றாவது பந்தி எங்கள் நாட்டில் வெறும் மை.

1997இல் யாழ்ப்பாணம் இருந்த நிலையை நினைத்துப் பார்க்கிறேன். 1995 ஐப்பசி முடிவில் ஒரே இரவில் சனமெல்லாம் செம்மணிப் பாதையால் வெளியேறி, அடுத்த வருடம் பாதிப் பேர் திரும்பி வந்திருந்தோம். ஏ9 பாதை இல்லை. கொழும்புக்குக் கப்பல். இரவில் ஊரடங்கு. அந்த வேளையில் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஓர் ஒப்பந்தச் சட்டத்தைக் குடாநாட்டில் யார் கவனித்திருப்பார்கள்? இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அது இங்கே சரியாக வந்து சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குத் தென்னாபிரிக்கா சாட்சி. அங்கும் உரோமன் டச்சுச் சட்டம்தான், எங்களுக்குத் தாய்வழி உறவு. டேர்பனில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் தாயும் பிள்ளையும் சுழலும் சவாரியிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் காயப்பட்டார்கள். பயணச்சீட்டு யன்னலில் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. 1990களின் முடிவில் அந்நாட்டு உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த எழுத்து போதும் என்று தீர்ப்பளித்தது. தாய் தோற்றார். ஆங்கிலேயரின் பக்கத்தில், அவர்களுடைய 1977ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகு முன்னரே, 1940இல் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. வேல்ஸில் பரி என்ற கடற்கரை ஊரில் ஒருவர் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு பென்ஸ் கொடுத்துச் சாய்வு நாற்காலி வாடகைக்கு எடுத்தார். சீலை கிழிந்து விழுந்தார். சீட்டின் பின்பக்கத்தில் சபை பொறுப்பல்ல என்றிருந்தது. காசு கொடுத்ததற்கு அடையாளமாக வாங்குகிற துண்டில் ஒப்பந்த நிபந்தனை இருக்குமென்று யார் எதிர்பார்ப்பார் என்று நீதிமன்றம் கேட்டது. சபை தோற்றது.

கலிபோர்னியாவுக்கும் வருவோம். அங்கே ஜிம் படிவத்தின் கையெழுத்து சாதாரணக் கவனயீனத்துக்குப் பெரும்பாலும் செல்லும். மிக மோசமான கவனயீனத்துக்குச் செல்லாது என்று 2007இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. அதே அமெரிக்காவில் வேர்ஜீனியாவில் உடற்காயத்துக்கு இப்படி முன்கூட்டி எழுதி வாங்குவதே செல்லாது. பெரியண்ணை இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார். கால் விரல்கள் இன்னும் கோணல். அவருடைய பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்கப் போகும்போது வைக்கிற கையெழுத்து கனமானது. பனிச்சறுக்கு நிலையங்களின் படிவம் செல்லும் என்று 2018இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே அதே மாதிரிப் படிவத்தில் வைக்கிற கையெழுத்துக்குக் கனம் இல்லை. ஒரே குடும்பம், இரண்டு சட்டம். ஆனால் காயப்பட்டால் இரண்டு வீட்டிலும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: நாங்கள் கையெழுத்து வைத்துவிட்டோமே.

அந்த வசனத்தில்தான் இந்தத் தாள் வெல்கிறது. நீதிமன்றத்தில் அது தோற்கும். அங்கே போகவிடாமல் தடுப்பதே அதன் வேலை. எங்கள் சனத்துக்குக் கையெழுத்தின்மேல் உள்ள மதிப்பு சிறிதல்ல. உறுதி எழுதி, ஈடு வைத்து, பிணை நின்று வளர்ந்த சமூகம். வைத்த கையெழுத்தை மீறுவது மானக்கேடு என்று பழகியவர்கள். வாசிக்காமல் வைத்தாலும் வைத்தது வைத்ததுதான் என்று நினைக்கிறோம். பொதுவான ஒப்பந்தங்களுக்கு அது சரியும்கூட. ஆனால் உயிரையும் உடம்பையும் சட்டம் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பதினேழு வயது மருமகன் வைக்கிற கையெழுத்தோ சட்டத்தில் இன்னும் மெலிந்தது; 1989வரை இருபத்தொன்றாக இருந்த பராய வயது இப்போது பதினெட்டு, அதுவும் அவனுக்கு ஆகவில்லை. பொலிஸ் விவகாரத்தை எந்தத் தாளும் தொடாது. அசட்டையான, கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவில் வரும் குற்றம். ஐந்து வருடம்வரை சிறை. அது அரசு போடுகிற வழக்கு. வாரிசுகள் விட்டுக்கொடுத்தாலும் நிற்கும்.

வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ். அதற்காக எத்தனை பேர் எத்தனை காலம் போராடினார்கள் என்பது தெரிந்ததே. எங்கள் உரிமையைக் கேட்கிற இடத்தில் தமிழ் வந்துவிட்டது. அந்த உரிமையை விட்டுக்கொடு என்று எழுதி வாங்குகிற தாள் ஆங்கிலத்தில் வருகிறது.

மரணத்துக்கு நட்டஈடு என்ற இடத்திலும் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டு, அது பெரியது. உரோமன் டச்சுச் சட்டம் இறந்தவரின் உழைப்பை நம்பியிருந்தவர்களுக்குப் பொருளிழப்பை மட்டுமே கணக்கிட்டது. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய மருத்துவக் கவனயீன வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. 2001இல் உயர் நீதிமன்றம் வரை போய் அது இல்லாமற் போயிற்று. உழைக்காத குழந்தை இறந்தால் சட்டப்படி இழப்பு மிகச் சொற்பம். பிள்ளை என்றால் என்ன என்று தெரிந்த எவருக்கும் தொண்டை அடைக்கிற கணக்கு. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான் அதைத் திருத்தி, துயரத்துக்கும் துணை இழந்ததற்கும் நட்டஈடு கேட்க வழி திறந்தது. நீச்சல் தடாகத்தில் மூழ்கிய ஒரு பள்ளிப்பிள்ளையின் தாய் இன்று கேட்கக்கூடியதை 2018இல் கேட்டிருக்க முடியாது.

கூலிக்கு நடக்காத விளையாட்டுகளும் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குப் படிவம் வரவில்லை, வராமலே போகட்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறார்கள். விண் பூட்டிய கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் இரவிலும் கூவும். 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் பெரும்பட்டம் ஒன்றைப் பலர் சேர்ந்து இழுத்து ஏற்றியபோது, காற்று எடுத்த வேகத்தில் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்த ஓர் இளைஞன் பனை உயரத்துக்குப் போய்த் தொங்கிய காட்சியை உலகமே கைபேசியில் பார்த்தது. கீழே நின்றவர்கள் கயிற்றை விடு, விடு என்று கத்துகிறார்கள். விழுந்தும் பெருங்காயமின்றித் தப்பினான். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தபோதும், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர்விட்டபோதும், கடலின் ஆபத்து அவருக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஏற்றவனுக்குத் தீங்கிழைத்ததாகச் சொல்ல முடியாது என்பதையும் அந்த உரோமச் சட்டமே சொல்கிறது. காற்றின் வேகத்தை ஏற்பது வேறு. பிய்ந்த கயிற்றைத் தெரிந்துகொண்டே கையில் கொடுப்பவனை ஏற்பது வேறு. ஜிம் படிவம் இரண்டையும் ஒரே வசனத்துக்குள் போட்டுக் கட்டுகிறது. எடை தூக்கினால் தசை பிடிக்கும் என்பது மருமகன் ஏற்கவேண்டியது. கம்பிவடம் தேய்ந்திருப்பது அவன் ஏற்கவேண்டியதில்லை.

மறுநாள் அந்தப் படிவத்தோடு நானே போனேன். நடத்துகிற பிள்ளைக்கு முப்பது வயதிருக்கும். கடன் எடுத்துத் தொடங்கியிருக்கிறார். இயந்திரங்கள் கொழும்பில் ஒரு நிலையம் மூடியபோது வாங்கியவை. மூன்றாவது பந்தியைக் காட்டி, இது இங்கே செல்லாது தம்பி என்றேன். அவர் முகம் மாறியது.

“அண்ணை, வெளியில இருக்கிற சிநேகிதன் ஒருத்தன் அனுப்பினது. ஏதும் நடந்திட்டால் நான் எங்க போறது? எனக்கும் பயம்தானே.”

அவருடைய பயம் உண்மையானது. பெரியண்ணையின் முற்றத்தில் பிழை விட்டவருக்கு ஏழு கிழமை உழைப்போடு பிழை தீர்ந்தது. இவருக்கு ஒரு வழக்கு வந்தால் கட்டடமும் போகும், கடனும் நிற்கும். காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கட்டடத்துக்கு நெருப்புக்கு இருக்கிறதாம். வந்து பழகுகிற ஆட்களின் காயத்துக்கும் பொறுப்புக் காப்புறுதி எடுக்கலாம் என்று சொன்னேன். கேள்விப்பட்டிருக்கவில்லை. இரண்டு பக்கத் தாள் இருக்கிறபடியால் வேறொன்றும் வேண்டியதில்லை என்று நம்பியிருந்தார். அந்தத் தாள் சேருகிறவனை மட்டும் ஏமாற்றவில்லை.

இருவருமாக ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்துக்கொண்டு போனோம். தோளுக்குப் பின்னால் இழுக்கும் இயந்திரத்தில், கப்பியைச் சுற்றி வளையும் இடத்தில், கம்பிவடத்தின் நெகிழிப் பூச்சு வெடித்து உள்ளே இரண்டு இழை அறுந்திருந்தன. விரலால் தடவியபோது முள்ளுப் போலக் குத்தியது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த இயந்திரத்தின் இருக்கையைக் கழற்றி எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

படிவத்தில் மூன்றாவது பந்தியையும் கலிபோர்னியா வரியையும் பேனையால் குறுக்கே வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, கீழே கையெழுத்து வைத்தேன். அவரும் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து மருமகனை ஏற்றப் போனபோது, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சீ.ஆர். கொப்பி தொங்கியது. முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியிருந்தார்: திகதி, இயந்திரம், பார்த்தவர். எல்லாம் தமிழில். நாலு கிழமைக்கு நாலு வரி. மூன்று வரிகளில் அவருடைய பெயர் இருந்தது. நாலாவதில் திகதி மட்டும் எழுதியிருந்தது.

“தம்பி, இது நிரப்பேல்லையே?” என்றேன்.

“இண்டைக்குத்தான் அண்ணை. பின்னேர ஆக்கள் போகட்டும், வடிவாப் பாத்திட்டு எழுதுறன்.”

மருமகன் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டான். திரும்பிப் பார்த்தேன். அவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு முதல் இயந்திரத்தின் அடியில் குனிந்துகொண்டிருந்தார்.